ஆர்.எஃப்.சி. 919: காரணம் போன பிறகும் நின்ற அனுமதி

1984 அக்டோபரில் ஜெஃப்ரி மோகல் ஒரே மாதத்தில் மூன்று ஆர்.எஃப்.சி.க்களை எழுதி வெளியிட்டார். அப்போது அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் ஆராய்ச்சி மாணவர். 917, ஒரு பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்ன சப்நெட்டுகளாகப் பிரிப்பது பற்றியது. 919, பிராட்காஸ்ட் பற்றியது. 922, சப்நெட்டுகளாகப் பிரித்த இடத்தில் பிராட்காஸ்ட் எப்படி நடக்கணும் என்பது பற்றியது. இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: இணையத்தின் விதிகள் 1969லிருந்து ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் எண் போட்ட குறிப்புகளாகத்தான் எழுதப்படுகின்றன. ஒருவர் எழுதி வைப்பார், மற்றவர்கள் கருத்து சொல்வார்கள், நாளடைவில் அது விதியாகிவிடும்.

மூன்றில் 919-ஐத்தான் உலகம் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறது. அதுவும் ஒரே ஒரு எண்ணுக்காக, 255.255.255.255. நாங்கள் பி.இ. படித்தபோது பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி, தேர்வில் ரெண்டு மார்க். "எல்லா பிட்டும் ஒன்று என்றால் பிராட்காஸ்ட், ரவுட்டர் அதை வெளியே விடாது." அவ்வளவுதான். ஏன் விடாது, விட்டால் என்ன ஆகும், எந்த பிராட்காஸ்ட்டை விடலாம் என்று யார் தீர்மானிப்பது, இதையெல்லாம் எந்த ஆசிரியரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் மோகலின் குறிப்பில் அந்த எண் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், நிஜக் கணினி எதற்கும் கொடுக்கப்படாத எண்ணாக இருந்தால் நல்லது என்கிற அளவுக்குத்தான் அவரே அதைப் பொருட்படுத்துகிறார். அதற்கு முன்னால் வரும் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. பத்துப் பக்கம்கூட வராத ஆவணம். நாற்பது வருஷம் கழித்து அதை ஒரு எழுத்தாக வாசித்து, எது நன்றாக இருக்கிறது, எங்கே சறுக்கியது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பிராட்காஸ்ட் எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார். ஒரு கணினிக்கு ஏதோ ஒரு தகவல் வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆள் மாறினால் பட்டியல் பழசாகிவிடும். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அர்பாநெட்டில் மட்டுமே அறுபத்தைந்தாயிரம் எண்கள் சாத்தியம். ஆகவே பொதுவில் ஒரு குரல் கொடுத்துவிடுவது சுலபம். தெரிந்தவர் பதில் சொல்வார்.

நம் ஊர்ப்பக்கம் தண்டோரா போட்டது இதற்குத்தானே. வரி கட்டச் சொல்ல, ஏரி மதகு திறக்கப்போவதைச் சொல்ல, காணாமல் போன மாட்டைத் தேட. ஆனால் இந்த உவமையை அழகுக்காகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. தண்டோராவுக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது பறையைத் தூக்கி நடக்க வைக்கப்பட்ட மக்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, இந்த முறையை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்றைச் சொல்வது சொல்பவருக்கு மலிவாக இருக்கலாம். அப்போது செலவு வேறு யாரோ தலையில் விழுகிறது என்று அர்த்தம்.

மோகலின் குறிப்பு எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பிராட்காஸ்ட் விலை உயர்ந்தது என்று அவர் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்தச் செலவை அனுப்புகிறவர் கணக்கிலிருந்து அவர் பார்க்கவில்லை, கேட்கிறவர் கணக்கிலிருந்து பார்க்கிறார். ஒரு நெட்வொர்க்கில் இருநூறு கணினி இருந்தால் ஒரு பிராட்காஸ்ட்டுக்கு இருநூறு கணினியும் வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். அதில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது "எனக்கில்லை" என்று குப்பையில் போடும். போடுவதற்கும் கொஞ்சம் உழைப்பு ஆகிறது. 1984ன் கணினிகளுக்கு அது கொஞ்சம் இல்லை.

அடுத்தது கேட்வே. இன்று ரவுட்டர் என்கிறோம். அன்று இரண்டு வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும் பெட்டிக்குக் கேட்வே என்றுதான் பெயர். பிராட்காஸ்ட்டின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறார். 'அ', 'ஆ' என்று இரண்டு நெட்வொர்க். நடுவில் ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கட்டுமே என்று இரண்டு கேட்வே. 'அ'வில் ஒருவர் குரல் கொடுக்கிறார். முதல் கேட்வே அதை 'ஆ'வில் திரும்பச் சொல்கிறது. இரண்டாவது கேட்வேயும் சொல்கிறது. இப்போது முதலாவது சொன்னதை இரண்டாவது 'ஆ' பக்கமிருந்து கேட்டு, புதுச் செய்தி என்று நினைத்து 'அ'வில் சொல்கிறது. அதை முதலாவது கேட்டு மறுபடி 'ஆ'வில். இப்படியே சுற்றும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு ஆயுள் எண் இருக்கிறது, அதிகபட்சம் 255. ஒவ்வொரு கேட்வேயைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்யம் ஆகும்வரை ஒரே ஒரு கூப்பாடு இரண்டு ஊரையும் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு அவர் வைக்கும் முதல் விதி: எந்த நெட்வொர்க்கிலிருந்து கேட்டாயோ அதே நெட்வொர்க்கில் திரும்பச் சொல்லாதே. நல்ல விதி. ஆனால் மேலே சொன்ன உதாரணத்தில் இது போதாது, கவனித்தீர்களா? இரண்டாவது கேட்வே 'ஆ'வில் கேட்டதை 'அ'வில்தான் சொன்னது. விதியை அது மீறவேயில்லை. இதற்கு மருந்து 922ல் வருகிறது. யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் 1978ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து எடுத்த யோசனை. ஒரு பிராட்காஸ்ட் வந்தால், இதை முதலில் அனுப்பிய ஆளுக்கு நான் பதில் அனுப்புவதாக இருந்தால் எந்த வழியாக அனுப்புவேன் என்று கேட்வே தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வழியாகவே வந்திருந்தால் மேலே அனுப்பு. வேறு வழியாக வந்திருந்தால் அது சுற்றி வந்த பிரதி, தூக்கிப் போடு. நம் உதாரணத்தில் அனுப்பியவர் 'அ'வில் இருக்கிறார். இரண்டாவது கேட்வேக்கு அவரிடம் போகும் வழி 'அ'. ஆனால் பிரதி வந்ததோ 'ஆ' வழியாக. எனவே தள்ளிவிடும். சுற்று அறுந்தது. யார் எதை ஏற்கெனவே கேட்டார் என்று கணக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. கையில் இருக்கும் வழிகாட்டிப் பட்டியலே போதும். 'ஆ'வில் இருப்பவர்களுக்கு இரண்டு கேட்வே மூலமும் இரண்டு பிரதி கேட்கும், அது உண்மைதான். ஆனால் ஒரே செய்தி இரண்டு தரம் வரலாம் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறார். தன் தீர்வு எதைச் செய்யாது என்பதை முதலில் சொல்லும் இந்தப் பழக்கம் இப்போது வரும் தொழில்நுட்ப ஆவணங்களில் அபூர்வம்.

இனி சறுக்கல்.

பிராட்காஸ்ட்டை மோகல் வகை பிரிக்கிறார். உன் சொந்த நெட்வொர்க்குக்குள் கூப்பிடுவது ஒன்று. தொலைவில் இருக்கும் வேறொரு நெட்வொர்க்கில் உள்ள எல்லாரையும் கூப்பிடுவது இன்னொன்று. மொத்த இணையத்தையும் கூப்பிடுவது மூன்றாவது. அது உபயோகமும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று அங்கேயே தள்ளிவிடுகிறார். பிரச்சினை நடுவில் இருப்பது. டைரக்டெட் பிராட்காஸ்ட் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டின் நெட்வொர்க் எண் அன்று 36. உலகத்தில் எங்கிருந்தும் 36.255.255.255 என்று முகவரி போட்டு ஒரு பாக்கெட் அனுப்பினால், வழியில் உள்ள கேட்வேக்கள் சாதாரணக் கடிதம் போல அதைக் கடத்திவிடும். ஸ்டான்ஃபோர்டின் வாசலுக்கு வந்ததும் அது உள்ளே எல்லாருக்குமான கூப்பாடாக மாறும்.

வெளியூர்க்காரன் ஒருத்தன் நம் ஊர் எல்லையில் நின்று நம் ஊர் ஆளை வைத்தே தண்டோரா போட்டுக்கொள்ளலாம் என்கிற அனுமதி இது. எதற்காக இது தேவை? மூன்று காரணம் சொல்கிறார்: கணினிப் பெயர்களின் பட்டியலில் புதிய பதிப்பு யாரிடம் இருக்கிறது என்று தேட, தன் நெட்வொர்க்கில் சர்வர் இல்லாத கணினி வேறு நெட்வொர்க்கிலிருந்து உயிர் பெற, நேரம் காட்டும் சர்வர்களைக் கண்காணிக்க.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயர்ப் பட்டியலுக்கு மாற்றாக டி.என்.எஸ். என்ற முறையின் முதல் வரைவு 1983 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதாவது மோகல் எழுதுவதற்கு முன்பே அந்தப் பட்டியலின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 1987ல் டி.என்.எஸ். இன்றைய வடிவத்துக்கு வந்தது. இரண்டாவது காரணத்துக்கு 1985 செப்டம்பரில் விடை வந்தது: பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி, ஆர்.எஃப்.சி. 951. அதில் கேட்வே என்ன செய்கிறது என்று பார்த்தால் மோகலுக்கு நேர் எதிர். புதுக் கணினி தன் நெட்வொர்க்குக்குள் மட்டும் குரல் கொடுக்கும். அங்கே நிற்கும் கேட்வே அதைக் கேட்டு, கூப்பாட்டைக் கூப்பாடாகவே அடுத்த ஊருக்குக் கடத்தாமல், தன் முகவரியை ஒரு கட்டத்தில் எழுதி, எங்கேயோ இருக்கும் சர்வருக்கு நேராக ஒரு கடிதமாக அனுப்பும். பதில் கேட்வேக்கு வரும், கேட்வே அதை உரியவரிடம் சேர்க்கும். இன்று உங்கள் அலுவலகத்தில் லேப்டாப்பைச் செருகியதும் ஐ.பி. முகவரி கிடைக்கிறதே, அந்த டி.எச்.சி.பி. இதன் பேரப்பிள்ளைதான், ரிலே என்று சொல்லப்படும் அந்த ஏற்பாடு இங்கிருந்து வந்தது. ஊர்ச் சத்தம் ஊருக்குள். வெளியே போவது ஒரே ஒரு ஆள் கொண்டுபோகும் சீட்டு. வேறு வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும்போது பிராட்காஸ்ட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்ததிலேயே நல்ல பதில் இதுதான் என்பது என் கருத்து. 919 அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்றாவது காரணம், நேர சர்வர், அதற்காக மட்டும் ஒருவரும் இவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைக்க மாட்டார்கள். ஆக 1980களின் கடைசியில் டைரக்டெட் பிராட்காஸ்ட்டுக்கு உருப்படியான காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. அனுமதி மட்டும் மிஞ்சியது.

மோகலுக்கு நியாயம் செய்ய வேண்டும். அன்று இணையம் என்பது ஆயிரத்துச் சொச்சம் கணினிகள். பெரும்பாலும் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அப்போதுகூட, வேகம் குறையும் என்றோ பாதுகாப்புக்காகவோ ஒரு கேட்வே பிராட்காஸ்ட்டைக் கடத்தாமல் விடலாம் என்று அவர் எழுதத் தவறவில்லை. என் குறை அந்த 'விடலாம்'-இல்தான் இருக்கிறது. மறுக்கும் உரிமை உண்டு என்றார். ஆனால் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று வைத்தார். யாரும் எதுவும் அமைக்காத பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் நடைமுறையில் சட்டம், ஏனென்றால் உலகத்தில் பாதிப் பெட்டிகளை யாரும் எதுவும் அமைப்பதில்லை.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 36.255.255.255 என்ற முகவரியைப் பார்த்தால் வழியில் உள்ள எந்தக் கேட்வேயும் இது பிராட்காஸ்ட் என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே மாதம் அவரே எழுதிய 917ன்படி 36-ஐ உள்ளே சப்நெட்டுகளாகப் பிரித்துவிட்டால், ஒரு சப்நெட்டின் கடைசி எண் எது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வழியில் உள்ளவர்கள் கண்ணுக்கு அது சாதாரணக் கணினியின் முகவரி. உள்ளே நுழையும் கடைசி வாசலுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். எனவே மறுப்பதாக இருந்தால் அந்த ஒரு வாசலில்தான் மறுக்க முடியும். தன் 917, தன் 919-க்கு என்ன செய்கிறது என்று அவர் முடிச்சுப் போட்டுப் பார்த்திருந்தால் 'மறுக்கலாம்' என்பதற்குப் பதில் 'கேட்காமல் விடாதே' என்று எழுதியிருப்பாரோ என்று தோன்றுகிறது.

ஆனால் உண்மையான கோபம் எனக்கு 1984 மேல் இல்லை, 1995 மேல். அந்த வருஷம் ஜூனில் ஃப்ரெட் பேக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1812 வந்தது. ரவுட்டர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான பெரிய சட்டப் புத்தகம் அது. டைரக்டெட் பிராட்காஸ்ட்டை நிறுத்த ஒரு சாவி கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. நல்லது. ஆனால் அந்தச் சாவி ஆரம்பத்தில் 'அனுமதி' பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. மோகல் மென்மையாகச் சொன்னதை இவர்கள் கல்வெட்டில் வெட்டிவிட்டார்கள். இதில் வாதப் பிரதிவாதம் இருந்தது என்பதை ஆவணமே ஒப்புக்கொள்கிறது, அதுதான் இன்னும் வருத்தம். அப்போது இணையம் ஆயிரம் பேர் சமாச்சாரம் இல்லை. இரண்டு மாதம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. அந்தச் சேவையின் பெயரிலேயே 'கேட்வே' என்ற சொல் இருந்தது. தெரிந்தவர்கள் மட்டும் இருந்த தெருவுக்கு எழுதின விதியை, உலகமே குடிவந்த பிறகு உறுதி செய்திருக்கிறார்கள்.

விளைவு சீக்கிரம் வந்தது. 1997ல் ஸ்மர்ஃப் என்றொரு சின்ன நிரல் சுற்றுக்கு வந்தது. 1998 ஜனவரியில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு அதைப் பற்றித் தன் அந்த வருஷத்து முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. தந்திரம் ரொம்பச் சாதாரணம். "இருக்கியா?" என்று கேட்கும் பிங் பாக்கெட் ஒன்று. அனுப்புநர் முகவரியில் நீங்கள் யாரைத் தாக்க நினைக்கிறீர்களோ அவர் முகவரியைப் பொய்யாகப் போடுங்கள். பெறுநராக ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பிராட்காஸ்ட் முகவரியைப் போடுங்கள். அங்கே இருநூறு கணினி இருந்தால் இருநூறும் "இருக்கேன்" என்று அந்த அப்பாவிக்குப் பதில் அனுப்பும். கணக்குப் போட்டால், 28.8 கிலோபிட் மோடம் வைத்திருக்கும் ஒருவன் இருநூறு மடங்கு, அதாவது 5.76 மெகாபிட் வெள்ளத்தை உண்டாக்க முடியும். அன்று ஒரு நிறுவனம் பெருமையோடு வாங்கி வைத்த டி1 லைனின் கொள்ளளவே 1.544 மெகாபிட்தான். இதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது வாசலை விதிப்படிதான் வைத்திருந்தது.

1999 ஆகஸ்டில் டேனியல் சீனி எழுதிய ஆர்.எஃப்.சி. 2644 சாவியை மறுபக்கம் திருப்பியது: யாரும் எதுவும் சொல்லாவிட்டால் விடாதே. மாற்றியது ஒரே ஒரு சொல், அதற்குப் பதினைந்து வருஷம்.

இதையெல்லாம் நம் நாட்டில் அன்று யார் கவலைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கலாம். கவலைப்படும் கட்டாயம் நமக்குத்தான் அதிகமாக இருந்தது. 1986ல் மின்னணுவியல் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கைத் தொடங்கின. பம்பாய் என்.சி.எஸ்.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி. உள்பட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், டெல்லியில் துறையே ஒன்று, ஆக எட்டு இடங்கள். அந்தக் காலத்து நீண்டதூர லைன் 9.6 கிலோபிட். வளாகத்துக்குள் ஈதர்நெட் 10 மெகாபிட், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். இரண்டு வளாகங்களையும் கேட்வே இல்லாமல் பிரிட்ஜ் போட்டு ஒரே நெட்வொர்க்காக ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈதர்நெட்டின் ஆகச் சிறிய பாக்கெட் 64 பைட், 512 பிட். 9600-ஐ அதால் வகுத்தால் 18.75. ஒரு வினாடிக்கு வெறும் பத்தொன்பது "இந்த முகவரி யாருடையது?" கேள்வி போதும், சென்னைக்கும் பம்பாய்க்கும் நடுவில் ஒரு மின்னஞ்சல்கூட நகராது. பணக்கார நெட்வொர்க்குக்கு பிராட்காஸ்ட் ஒரு தொந்தரவு. ஏழை நெட்வொர்க்குக்கு அது அடைப்பு. 919-ஐ எழுதியவர் வேகமான உள்ளூர் நெட்வொர்க்குகளை மனதில் வைத்து எழுதியதாகச் சொல்கிறார். நடுவில் ஒல்லியான கயிறு இருக்கும் இடத்தை அவர் தனியாகப் பார்க்கவில்லை.

இப்போது கயிறு ஒல்லியாக இல்லை. போளூரில் எங்கள் தெருவுக்கே கண்ணாடி இழை வந்து சில வருஷம் ஆகிறது. ஜமுனாமரத்தூர் போகும் சாலையோரம் கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கேபிள் தொங்குகிறது. ஆனால் சின்ன ஊர்களில் இதை நடத்தும் விதம் 919-க்கு நேர் எதிரான தப்பு. அங்கே பிரச்சினை கேட்வே கேட்காமல் உள்ளே விட்டது. இங்கே பல இடங்களில் கேட்வேயே இல்லை. கம்பத்தில் ஒரு பெட்டி, அதில் மீடியா கன்வர்ட்டர், விலை குறைந்த ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து அடுத்த தெரு, அடுத்த தெருவிலிருந்து அடுத்த கிராமம். எல்லாம் ஒரே நெட்வொர்க். ஸ்விட்சுக்கு பிராட்காஸ்ட் வந்தால் எல்லாத் துளையிலும் விடுவதுதான் வேலை.

முன்பு நான் வைத்திருந்த ஓர் இணைப்பில் (யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை) வயர்ஷார்க்கைத் திறந்தால் பக்கத்து வீட்டு பிரிண்டர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். யார் வீட்டு டி.வி. எந்தக் கம்பெனி என்பதும் தெரியும். நான் எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. அவையே கூவிக்கொண்டிருந்தன, கூவுவதை நிறுத்த எல்லையில் ஆள் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் மூன்று தெருவுக்கு நெட் போச்சு. யாரோ புது வைஃபை பெட்டி வாங்கி, வெளிக் கேபிளை அதன் உள்பக்கத் துளையில் செருகிவிட்டார்கள். உடனே அந்தப் பெட்டி, "முகவரி வேண்டும்" என்று தெருவில் யார் கேட்டாலும் முந்திக்கொண்டு 192.168 என்று தொடங்கும் தன் சொந்த முகவரியைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. டி.எச்.சி.பி.யில் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரைத்தான் பெரும்பாலான கணினிகள் நம்பும். பக்கத்து வீடு எப்போதும் ஆபரேட்டரின் சர்வரைவிடப் பக்கம். அன்று ஆன்லைன் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் மொபைல் சிக்னல் தேடி மாடிக்கு ஓடினார்கள். லைன் பார்க்க வந்த தம்பியிடம் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி விலானில் போடலாமே என்று கேட்டேன். "அண்ணா, நீங்க சொல்ற ஸ்விட்ச் ஒண்ணு வாங்குற காசுல இது நாலு வாங்கலாம்ணா" என்றார். பதில் நேர்மையானதுதான். செலவு யார் தலையில் விழுகிறது என்ற பழைய கணக்கு மட்டும் மாறவில்லை.

இது ஏதோ சின்ன ஊர் வறுமை என்று நினைக்க வேண்டாம். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நான்கு நாள் படுத்துவிட்டது. கட்டடம் கட்டடமாக, கேட்வேக்களால் பிரிக்காமல் ஒட்டிக்கொண்டே போன நெட்வொர்க். சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு, தாங்கும் அளவைத் தாண்டி நீண்டதும் தடுமாறியது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அதன் தகவல் அதிகாரி ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியில் பேசியதால்தான் இது நமக்குத் தெரியும். சுற்றைப் பற்றி 922 கவலைப்பட்டதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து நடந்தது இது.

919ன் பலவீனத்துக்குப் பதில் அதே துறையிலேயே தயாராகிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீவ் டீரிங், டேவிட் செரிட்டன் இருவரும் 1985 டிசம்பரில் மல்டிகாஸ்ட் யோசனையை ஆர்.எஃப்.சி. 966ஆக எழுதினார்கள், இருவரும் ஸ்டான்ஃபோர்டுதான். 1989ல் அது 1112 ஆக முழு வடிவம் பெற்றது. அதில் கேட்க விரும்புகிறவர் ஒரு குழுவில் சேர வேண்டும். சேராதவர் காதில் சத்தம் விழக் கூடாது. பிராட்காஸ்ட் என்பது மல்டிகாஸ்ட்டுக்கு ஒரு அரைகுறை மாற்று என்று மோகலே 919ல் சொல்லியிருந்தார், இது அவர் பக்கம் இன்னொரு மதிப்பெண். பிறகு வந்த ஐ.பி.வி6ல் பிராட்காஸ்ட் முகவரி என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் மல்டிகாஸ்ட்.

இதை வைத்துச் சில கட்டுரைகள் பிராட்காஸ்ட் ஒழிந்தது என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யார் எந்தக் குழுவில் சேர்ந்தார் என்பதை ஸ்விட்ச் கவனித்தால்தான் மல்டிகாஸ்ட் மல்டிகாஸ்ட்டாக இருக்கும். கவனிக்கத் தெரியாத ஸ்விட்ச் அதையும் எல்லாத் துளையிலும்தான் விடும். எங்கள் கம்பத்துப் பெட்டியில் இருப்பது அந்த வகைதான்.

படிக்க நினைப்பவர்களுக்கு: 919-ஐவிட 922-ஐ எடுங்கள், 919ல் இருப்பது பெரும்பாலும் இதிலும் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் வரும் கலைச்சொல் விளக்கத்தைத் தாண்டிவிடலாம், வறட்சியானது. கேட்வேக்கள் பற்றிய ஆறாம் பகுதியை ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு படியுங்கள். அதோடு 951ல் கேட்வே வழியாகப் பூட் செய்வது பற்றிய பகுதியைச் சேர்த்துப் படித்தால், ஒரே கேள்விக்கு ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் எவ்வளவு வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். ஆங்கிலம் எளிமையானது, எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.